பிளாட் போடும்போது மரத்துக்குக் காவல் யார்?
வடக்கனந்தலில் இப்போதே விதி வேண்டும்!

சாலை ஓரத்துப் புளிய மரத்தை வெட்டினால் அதிகாரி ஓடி வருவார். அதே மரம் பட்டா நிலத்தில் நின்றால்? பொக்லைன் வரும். அரை மணி நேரத்தில் சாய்த்துவிட்டுப் போகும். "ஏம்ப்பா வெட்டினே?" என்று கேட்க நாதி இல்லை.

வடக்கனந்தல் பேரூராட்சி, கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ளது. பக்கத்தில் கோமுகி அணை. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆனது. மாவட்டத் தலைநகர் அருகில் வந்தால் மனை வியாபாரமும் பின்னாலேயே வரும். பிளாட் போடுகிறவர்கள் செய்யும் முதல் வேலை, நிலத்தை "சுத்தம்" செய்வது. மரம் போகும், கல் வரும்.

சட்டத்தில் ஓட்டை

சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொட முடியாது. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. பொது இடத்து மரங்களுக்காக அதே ஆண்டில் மாவட்ட பசுமைக் குழு வந்தது.

சமவெளியில் பட்டா நிலத்து வேம்புக்கும் புளிக்கும் என்ன காவல்? ஒன்றும் இல்லை!

மராட்டியத்தில் நகர மரங்களுக்கு 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. கர்நாடகத்தில் 1976. டெல்லியில் 1994. அங்கெல்லாம் சொந்த இடத்து மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும்.

மரத்துக்கு 1 லட்சம்

உத்தரபிரதேசத்தில் மதுரா அருகே அனுமதி இல்லாமல் 454 மரங்களை வெட்டினார்கள். பெரும்பாலானவை தனியார் நிலத்தில் நின்றவை. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மரத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம்! அங்கே விதி இருந்தது, தண்டிக்க முடிந்தது. இங்கே?

என்ன செய்யலாம்?

அங்கீகாரம் இல்லாத புது மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016-ல் ஐகோர்ட்டு தடை போட்டது. அதனால் பிளாட் போடுகிறவர்கள் நகர் ஊரமைப்புத் துறைக்கு வந்தே தீர வேண்டும். கடிவாளம் அங்கேதான் இருக்கிறது.

அங்கீகாரம் தருமுன் அதிகாரி நேரில் போய் மரங்களை எண்ண வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். பெரிய மனைப் பிரிவில் 10 சதவிகிதம் பொது இடம் விட வேண்டும் அல்லவா? மரம் நிற்கும் இடத்தையே அதற்கு ஒதுக்கலாமே!

வெட்டாமலும் மரத்தைக் கொல்லலாம். அடிமரம் வரை சிமெண்டு பூசினால் போதும், வேருக்குத் தண்ணீர் போகாது. மரத்தைச் சுற்றி 1 மீட்டர் விட வேண்டும் என்று 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவு போட்டது. அது இங்கும் வரவேண்டும்.

"என் நிலம், என் மரம். கேட்க நீ யாரு?" என்பார்கள். விவசாயி விற்பதற்காக வளர்த்த சவுக்கும் தைலமரமும் வேறு. அவரைத் தொல்லை செய்ய வேண்டாம். ஆனால் தாத்தா காலத்துப் புளிய மரம் பிளாட் வாங்குகிறவருக்கும் நிழல் தரும். அதை வெட்டிவிட்டு "பசுமை நகர்" என்று போர்டு மாட்டுவது யாரை ஏமாற்ற?

மரம் சாய்ந்த பிறகு வரும் விதியால் பயன் இல்லை. அதிகாரிகள் விழிப்பார்களா?