சாலைப் பலகை யார் கண்ணுக்கு?

சிவப்பு விளக்கை மீறியதற்கு வரும் சம்மனை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. எத்தனை வெள்ளி, எப்போது கட்ட வேண்டும் என்பதோடு கண் நின்றுவிடும். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது வந்தால் குற்றப்பிரிவு என்ற இடத்தைப் பாருங்கள். 'எல்.என். 166/59, விதி 17' என்றிருக்கும். அந்த 59 என்பது 1959. மலேசியா உருவாவதற்கு நான்கு ஆண்டு முன்னால், மலாயாக் காலத்தில் எழுதிய சாலைப் போக்குவரத்து விதி அது. கோலாலம்பூருக்கு மாநகர்த் தகுதி கிடைத்ததே 1972-ல்தான்.

விதிக்குத்தான் இவ்வளவு வயது. பலகைகளுக்கான கையேடு கொஞ்சம் இளையது. பொதுப்பணி இலாகா, அதாவது நாம் எல்லோரும் ஜே.கே.ஆர். என்று சொல்கிறோமே, அவர்கள் வெளியிட்ட 'அராஹான் டெக்னிக் (ஜாலான்)' வரிசையில் 2ஏ/85 என்பது பலகைகளின் வடிவம், நிறம், அளவுக்கு. எங்கே நடுவது என்பதற்கு 2பி. சாலை வேலை நடக்கிற இடத்துத் தற்காலிகப் பலகைகளுக்கு 2சி. தரையில் போடும் கோடுகளுக்கு 2டி. பின்னால் ஒட்டியிருக்கும் 85 முதலில் வந்த ஆண்டைச் சொல்கிறது. அப்போது டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை இல்லை, கேசாஸ் இல்லை, கே.எல். சென்ட்ரல் இருக்கும் இடத்தில் ரயில் கிடங்கு இருந்தது. திருத்தங்கள் வராமல் இல்லை. வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பழையது என்பதால் மட்டும் ஒன்று கெட்டதாகிவிடாது. எண்கோணச் சிவப்புப் பலகையில் 'பெர்ஹெந்தி' என்று போட்டிருந்தால் 1985-லும் நிற்க வேண்டும், இன்றும் நிற்க வேண்டும். நிற்காதவன் அன்றும் நிற்கவில்லை. எச்சரிக்கைக்கு மஞ்சள் சாய்சதுரம், அது அமெரிக்க வழக்கம். தடைக்குச் சிவப்பு வளையம், அது ஐரோப்பிய வழக்கம். இரண்டையும் சேர்த்து நம்மவர்கள் ஒரு முறையை உண்டாக்கியிருக்கிறார்கள், அது நன்றாகவே ஓடுகிறது. நான் கேட்க வருவது வேறு. இதைப் படிக்கப் போகிறவர் யார்? கையேடு எழுதியவர்கள் மனத்தில் ஓர் ஆள் இருந்திருப்பார் அல்லவா? எனக்குத் தெரிந்தவரை அந்த ஆள் நடுவயதுக்காரர், கண் நன்றாகத் தெரிகிறது, காருக்குள் உட்கார்ந்திருக்கிறார், மழை வந்தால் வைப்பர் போட்டுக்கொள்கிறார். எந்த நாட்டுக் கையேட்டை எடுத்தாலும் பெரும்பாலும் இவர்தான் கதாநாயகன்.

அமெரிக்காவில் இந்தக் கதாநாயகனை இரண்டு இடத்தில் மாற்றினார்கள். அவர்களுடைய தேசியக் கையேடு 1935-ல் முதலில் வந்தது, 2023 டிசம்பரில் 11-ஆம் பதிப்பு. இடையில் 2009-ல் வந்த பதிப்பில் இரண்டு எண்கள் மாறின. ஓர் அங்குல உயர எழுத்தை 40 அடி தூரத்தில் படிக்கலாம் என்று இருந்த கணக்கு 30 அடியாகக் குறைந்தது. அதாவது, அதே தூரத்தில் தெரிய எழுத்து பெரிதாக வேண்டும். அடுத்து, பாதசாரி விநாடிக்கு 4 அடி நடப்பார் என்ற கணக்கு மூன்றரை அடியானது. கேட்கச் சின்ன விஷயம். 14 மீட்டர் அகலச் சாலையில் இது ஒன்றரை விநாடிக்கும் மேல். முழங்கால் தேய்ந்த ஒரு பாட்டி நடுச்சாலையில் நிற்பதும் நடைபாதை ஏறிவிடுவதும் அந்த ஒன்றரை விநாடியில் இருக்கிறது. எழுத்து பெரிதானதற்கும் கடக்கும் நேரம் நீண்டதற்கும் காரணம், மனிதர்களுக்கு வயதாகிறது என்பதைக் கையேடு ஒப்புக்கொண்டதுதான்.

நம் நாட்டில் இப்படி ஓர் ஒப்புதலை முதலில் கேட்டு வாங்க வேண்டிய இடம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பூ வாங்கவும் போகிறவர்கள் கவனிக்காத ஒன்று அங்கே இருக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-ல் தொடங்கியது. அதன் வளாகம் ஜாலான் துன் சம்பந்தன் 4-ஐ ஒட்டிய ஜாலான் தெபிங்கில். பயிற்சிக்கு வந்தவர்கள் அக்கம்பக்கத்திலேயே தங்கினார்கள், பிழைப்புத் தேடிக்கொண்டார்கள். உடம்புபிடி நிலையங்கள் அங்கே இத்தனை இருப்பது அதனால்தான். வெள்ளைக் கோலை வீசிக்கொண்டு நடப்பவரை மற்ற பேட்டைகளில் எப்போதாவது பார்ப்போம், பிரிக்பீல்ட்ஸில் தினமும் பார்க்கலாம்.

அவர்கள் படிக்கும் பலகை தரையில் இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய ஓடுகள். நீளக் கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளிகள் வந்தால் நில். ஜப்பானில் செயீச்சி மியாக்கே என்பவர் கண்டுபிடித்தது இது; 1967 மார்ச் 18-ல் ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலில் பதித்தார்கள். இன்றைக்கு இதற்கு ஐ.எஸ்.ஓ. 23599 என்ற உலகத் தரமே உண்டு. நம்மிடமும் இல்லாமல் இல்லை. 2008-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரம் 2014-ல் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் கட்டடத்துக்கான தரம் ஓர் அலமாரியில், சாலைக்கான கையேடு இன்னோர் அலமாரியில். தரையில் போட்ட ஓடு போக்குவரத்துச் சாதனம் என்று இரண்டாவது அலமாரிக்காரர்களுக்குத் தோன்ற வேண்டும். சிவப்பு விளக்கின் முன்னால் பந்தல் போட்டால் விடுவார்களா? இந்த ஓட்டின்மேல் உணவகத்து மேசை போட்டால் மட்டும் ஏன் யாரும் பார்ப்பதில்லை?

அங்கே உடம்புபிடி வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "கோடு வந்தா நடக்கணும், புள்ளி வந்தா நிக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க தம்பி. கோட்டு மேல மோட்டார் நின்னா என்ன பண்ணணும்னு சொல்லிக் கொடுக்கலையே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஓட்டைவிடக் காதை நம்புகிறாராம். சாலையைக் கேட்டுக் கடப்பது எப்படி என்று விளக்கினார்: நம்மை ஒட்டி ஓடுகிற வண்டிகள் கிளம்பும் சத்தம் வந்தால் நமக்கும் பச்சை, குறுக்கே ஓடுகிற சத்தம் அடங்கினால் இறங்கலாம். "இந்த கரண்டு காடி வந்ததுதான் தொல்லை. பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் தெரிய மாட்டேங்குது."

பிரிக்பீல்ட்ஸை 'லிட்டில் இந்தியா' ஆக்கி, 2010 அக்டோபர் 27-ல் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் திறந்துவைத்தார்கள். வளைவுகள், வண்ணங்கள், நீரூற்று, கூடவே ஜாலான் துன் சம்பந்தனில் ஒருவழிப் போக்குவரத்து. கடைக்காரர்கள் வியாபாரம் போச்சு என்று குரல் கொடுத்தார்கள், அது செய்தியானது. ஒருவழியானால் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து எந்த வேகத்தில் வரும் என்ற ஓசைக் கணக்கே மாறிவிடுகிறது. காதால் கடப்பவர் தெருவைப் புதிதாகப் பாடம் செய்ய வேண்டும். அது செய்தியாகவில்லை.

ஒலிக்கும் பாதசாரி விளக்கு இதற்கு மருந்து. காத்திருக்கும்போது மெதுவாக, பச்சை வந்ததும் விறுவிறுவென்று சத்தம் கொடுக்கும். ஐ.எஸ்.ஓ. 23600 என்று அதற்கும் தரம் உண்டு. நாம் ஊரெல்லாம் மாட்டி மகிழ்கிற, விநாடியைத் தலைகீழாக எண்ணும் விளக்கு இருக்கிறதே, அது கண் உள்ளவருக்குத்தான். அதிலும் ஒரு கோளாறு உண்டு. நெரிசலைப் பார்த்துத் தானே பச்சையை நீட்டிச் சுருக்கும் நவீனச் சந்தியில், இன்னும் எத்தனை விநாடி என்று முன்கூட்டிச் சொல்ல அந்த விளக்குக்கே தெரியாது. தானே மாறும் பச்சையையும் நம்பத்தக்க விநாடிக் கணக்கையும் ஒரே கம்பத்தில் வைத்துக்கொள்வது கடினம். பெரும்பாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டிவரும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போவோம். மோட்டார் சைக்கிளில் போனால்தான் நான் சொல்வது புரியும். பெடரல் ஹைவேயில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்ட நாடு நம்முடையது. இதில் உலகத்துக்கே நாம் முன்னோடி. அங்கே நடந்த ஆய்வுகள் தனித் தடத்தால் விபத்து குறைந்ததைக் காட்டின. அவ்வளவு பெருமை உள்ள தடத்தில் வழிகாட்டிப் பலகையைத் தேடிப் பாருங்கள். ஊர்ப்பெயர் போட்ட பெரிய பலகை எல்லாம் கார் ஓடும் பாதைக்கு மேலே தொங்குகிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம், மழைநீர் வழியும் தலைக்கவசக் கண்ணாடிக்குள்ளிருந்து, கழுத்தைத் திருப்பிப் படித்தால் உண்டு. 2016-ல் நம் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். 2030-க்குள் மரணங்களைப் பாதியாக்குவோம் என்று அரசாங்கமே திட்டம் போட்டிருக்கிறது. கையேட்டின் கதாநாயகன் காரை விட்டு இறங்காமல் அது எப்படி நடக்கும்?

இரவில் இது இன்னும் மோசம். பலகையின் ஒளிர்தாளில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கும். வண்டி விளக்கின் ஒளி அவற்றில் பட்டு, வந்த வழியே திரும்பும். விளக்கும் கண்ணும் நெருக்கமாக இருந்தால் பலகை பளிச்சென்று தெரியும். கார்க்காரருக்கு அப்படித்தான் தெரிகிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஒற்றை விளக்கு, அனுப்பும் ஒளியே பாதி. கொள்கலன் லாரி ஓட்டுபவருக்கு விளக்கு கீழே, கண் வெகு மேலே. திரும்பி வரும் ஒளியின் பெரும்பகுதி அவர் காலடியோடு போய்விடும். கிள்ளானில் துறைமுகச் சாலைகளில் இரவெல்லாம் ஓடுவது இந்த லாரிகள்தாம். அதே பலகை காரில் இருக்கும் எனக்கு வெளிச்சம், லாரியில் இருக்கும் அவருக்கு மங்கல். ஒளிர்தாளில் எத்தனையோ தரம் உண்டு, விலையும் அதற்குத் தக்கபடி. துறைமுகச் சாலைக்கு எந்தத் தாள் என்று கையேடு தனியாகச் சொல்ல வேண்டாமா?

போகிற வழியில் ஒரு வகைப் பலகை எனக்குக் கோபம் மூட்டும். 'கவாசான் கெமாலாங்ஙான்', இது விபத்து நடக்கும் இடம். தெரிந்தே வைத்திருக்கிறார்கள் பாருங்கள். வளைவைச் சரிசெய், விளக்கைப் போடு, தடுப்பை நீட்டு. ஒன்றும் முடியாதென்றால் பலகை வை. அந்தப் பலகையை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று கையேடு ஒரு கெடு விதித்தால் சந்தோஷப்படுவேன்.

கெடு என்றதும் 2சி நினைவுக்கு வருகிறது, ஆரஞ்சுப் பலகைகள். ஷா ஆலாம் வழியாக ஜொஹான் செத்தியா வரை எல்.ஆர்.டி. 3 ரயில் பாதை கட்டத் தொடங்கிய நாளிலிருந்து கிள்ளான்காரர்களுக்கு 'லென்சோங்ஙான்' என்ற சொல் மனப்பாடம். இந்த வழி மூடியாச்சு, அந்த வழியே சுற்றிப் போ. தற்காலிகம் என்ற பெயரில் வந்த பலகை, பிள்ளை பள்ளி சேர்ந்து பள்ளி முடிக்கிற வரைக்கும் நின்றது. வேலை முடிந்த இடத்தில் அம்புக்குறி மட்டும் புல்லுக்குள் சாய்ந்துகொண்டு இல்லாத ஒரு திருப்பத்தைக் காட்டும். பழகியவர்கள் அதைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். ஆரஞ்சைப் பார்க்காமல் போகப் பழகிய கண், அடுத்த மாதம் நிஜமாகவே பள்ளம் தோண்டினாலும் பார்க்காது.

அந்தப் பலகைகளை எடுக்க வேண்டியது யார்? பிரிக்பீல்ட்ஸில் கிளம்பும்போது சாலை கோலாலம்பூர் மாநகர் மன்றத்துடையது. பெடரல் ஹைவே கூட்டரசு சாலை. அதிலும் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல் சாவடிகள் இருந்த பகுதி ஒரு டோல் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2018 ஜனவரி 1-ல்தான் அங்கே டோல் வசூல் நின்றது. இரு பக்கமும் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் மன்றங்கள். கடைசியில் 2024 பிப்ரவரியில் அரச மாநகரான கிள்ளான். நடுவில் கட்டுமானக் குத்தகையாளர்கள். எல்லோரும் ஒரே கையேட்டைப் பார்த்துப் பலகை நடுகிறார்கள். பிடுங்கும் அத்தியாயத்தை யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை.

கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், கடை வாசலை மறைத்துச் சாய்ந்து நின்ற பலகைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். "அது எங்க ரோடு இல்லக்கா" என்று ஒரு தம்பி பதில் சொன்னாராம். இன்னோர் எண்ணைக் கொடுத்தார்கள். அங்கேயும் அதே பதில். "அப்ப யாரோட ரோடுன்னு அதுலயே எழுதி வச்சுடுங்க தம்பி, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஐரோப்பாவில் இதைப் பாதியாவது செய்கிறார்கள். இ.என். 12899 என்ற அவர்களுடைய தரப்படி நிரந்தரப் பலகையின் முதுகில் தயாரித்தவர் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும். ஒளிர்தாளுக்கு ஆயுசு முடிந்ததா என்று வேறு யாரையும் கேட்க வேண்டாம், பின்னால் போய்ப் பார்த்தால் போதும். நம் கையேட்டைத் திருத்தும்போது அதோடு பொறுப்பாளர் பெயரையும், தற்காலிகப் பலகையானால் எடுக்க வேண்டிய தேதியையும் சேர்த்துக்கொள்ளலாம். முதுகில் இடம் நிறையவே இருக்கிறது. கிள்ளானில் நான் எட்டிப் பார்த்த பலகைகளில் அந்த இடத்தை ஆலோங் எனும் கந்துவட்டிக்காரர்களின் ஸ்டிக்கர்கள் பிடித்திருந்தன. அவற்றில் மட்டும் தொலைபேசி எண் பெரிய எழுத்தில், தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி இருந்தது.