சிரிப்பு அடங்கிய பிறகு

பள்ளிக்கூடத்தில் தன் ஷூ வைக்கும் லாக்கரை யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அந்தப் பையனுக்குச் சந்தேகம். உடனே வெடி வைத்துத் தகர்த்துவிடுகிறான். உள்ளே இருந்தது ஒரு காதல் கடிதம்!

‘ஃபுல் மெட்டல் பேனிக்’ நாயகன் சோஸ்கே சாகராதான் அவன். ஜப்பானிய எழுத்தாளர் ஷோஜி காட்டோ 1998-ல் தொடங்கிய நாவல் வரிசை. 2002-ல் அனிமே ஆனது. சின்ன வயதிலிருந்தே போர்க்களத்தில் வளர்ந்தவன், ஒரு மாணவியைப் பாதுகாக்க டோக்கியோ பள்ளியில் சேர்கிறான். 2003-ல் வந்த ‘ஃபுமோஃபூ’ முழுக்க இந்தக் கூத்துதான். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

ரசிகர்கள் எழுதுகிற கதைகள், அதாங்க ஃபேன் ஃபிக்ஷன், சிரிப்பு அடங்கிய இடத்தில் ஆரம்பிக்கின்றன. இவன் வீட்டுக்குப் போய் என்ன செய்வான்? வாசலுக்கு முதுகு காட்டி உட்கார முடியுமா? ராத்திரி தூக்கம் வருமா? இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தவற்றில் பெரிய சண்டையே இருக்காது. காய்கறி வாங்குவான், சமைப்பான், பட்டாசுச் சத்தத்துக்கு உறைந்து நிற்பான். நம்மைச் சிரிக்க வைத்த அந்தச் சந்தேகப் புத்திதான் இவ்வளவு நாளும் அவனை உயிரோடு வைத்திருந்தது. அதை விட்டுடுன்னு சொல்றது லேசா?

உங்க வீட்டுப் பிள்ளை இப்படி ஏதாவது எழுதினால், ‘அடுத்தவன் கதையைக் காப்பியடிக்கிறியா?’ன்னு கேட்டுடாதீங்க. எல்லாரும் சிரிச்சிட்டுப் போன ஒருத்தனுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும்னு அது யோசிச்சுப் பார்த்திருக்கு. ‘அப்புறம் அவன் என்ன ஆனான்?’னு கேளுங்க.