ஓட்டுக்கு முதல் நாள் இரவு

தேர்தல் வந்தால் மேடை முழங்குகிறது, சுவர் பேசுகிறது, தெருமுனையில் கொடி பறக்கிறது. இவையெல்லாம் வெளிச்சத்தில் நடப்பவை. இருட்டில் நடப்பது ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று எழுதுகிறேன். எழுதினால் நம்மவர் சிலருக்கும் சுடும். சுடட்டும்!

வடுகபட்டி பூண்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே! கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து இறங்கும் சந்தை. அங்கே மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவர். கூலியில் பாதியைச் சாராயக் கடையில் கொட்டி வந்தவர், ஒரு நாள் போதும் என்று நிறுத்தினார். மருத்துவமனைக்குப் போனார். கை நடுங்கிய இரவுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தார். ஆறு மாதம் ஆயிற்று. அரிசிப் பானை நிறைந்திருக்கிறது. அப்பாவைக் கண்டு பிள்ளை ஒளிவதில்லை. இப்படி ஒருவர் எந்த ஊரில்தான் இல்லை?

ஓட்டுக்கு முதல் நாள் இரவு அவர் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. "அண்ணே, நீங்க நம்ம ஆளு. இத வச்சுக்கங்க" என்று ஒரு பாட்டில் கைமாறுகிறது. மீண்டவரை மறுபடி தள்ள ஒரு மடக்கு போதும் என்று மருத்துவர்கள் தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறார்கள். கொடுத்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். பொழுது விடிந்ததும் அவரைக் கைத்தாங்கலாகச் சாவடிக்கு அழைத்துப் போய், ஓர் ஓட்டு வரவு என்று கணக்கு எழுதுகிறான். ஒரு குடும்பம் செலவாயிற்றே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவான்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓட்டுப் பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மது விற்கவும் வழங்கவும் கூடாது என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லுகிறது. ஓட்டுக்காகக் கொடுப்பதும் லஞ்சம், வாங்குவதும் லஞ்சம். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்! பணமாகக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. சோறாகவும் குடியாகவும் கொடுத்தால் அபராதம் மட்டுமே. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்தச் சலுகை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே குடியேறிவிட்டது. குடியை விட்டவனுக்குப் பணத்தைவிடப் பாட்டில்தான் பெரிய கொடுமை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறியவில்லை. நாம் அறிவோம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. குடியை விட்டபின் சாவடிப் பக்கமே போகாதவர்கள். "நான் கெட்டுப்போனவன், என் ஓட்டுக்கு என்ன மதிப்பு?" என்கிற கூச்சம். பழைய கூட்டாளிகள் எதிர்ப்படுவார்களோ என்கிற அச்சம். அவர்களுக்குச் சொல்லுங்கள்: குடித்தவன் என்பதற்காக ஓட்டுரிமையைப் பறிக்க அரசியல் சட்டத்தின் 326-ஆம் பிரிவில் இடமில்லை. சிகிச்சைக்காக வெளியூரில் தங்கினாலும் சொந்த ஊர்க்காரர் என்ற தகுதி போகாது. வழக்கில் சிறை சென்றவர் உள்ளே இருக்கையில் ஓட்டுப் போட முடியாது. தண்டனை முடிந்து வெளியே வந்தால் போடலாம்.

இந்த உரிமை தானாகவா வந்தது? 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கியது. அப்போது சொத்தோ, வரியோ, படிப்போ உள்ளவனுக்கே ஓட்டு. குடித்த கூலிக்காரனைப் பற்றிச் சட்டம் வந்தது; அவனைக் கேட்டு வரவில்லை! 1951-52 பொதுத் தேர்தலில்தான் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. அதற்குப் பின் மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 2003-இல் சில்லறைக் கடையையே அரசு நடத்தத் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஓட்டால் வந்த ஆட்சிகள் செய்த முடிவு. குடியின் கொடுமையை உடம்பால் அறிந்தவர் அந்த முடிவில் வாய் மூடி இருக்கலாமா?

ஓட்டோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. வடுகபட்டி போன்ற பேரூராட்சியில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 100 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு விதி. அதை அளந்து பார்த்து மனு எழுத மீண்டவரை விடப் பொருத்தமான ஆள் யார்? கடையின் வாசலை அவர் அறிவார். அந்த வாசலைத் தாண்டி நடப்பது எத்தனை பாடு என்பதையும் அறிவார்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். முதலில் பட்டியலைப் பாருங்கள். 2025 நவம்பரில் வீடு வீடாகத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவம் திரும்பி வராதவர் பெயர் வரைவுப் பட்டியலில் ஏறவில்லை. அந்த நாளில் சிகிச்சையில் கிடந்தவருக்குப் படிவம் போட்டது யார்? பெயர் விடுபட்டிருந்தால் 6-ஆம் படிவம், முகவரி மாறியிருந்தால் 8-ஆம் படிவம். ஐயம் வந்தால் 1950 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். குடியை விட வழி கேட்பவருக்கு 14446 என்ற எண்ணைச் சொல்லுங்கள். பாட்டில் கொடுப்பவன் யாராயிருந்தாலும், நம் கொடியைப் பிடித்தவனாகவே இருந்தாலும், புகார் கொடுங்கள். பாட்டிலால் வாங்கிய வெற்றி நமக்கு வேண்டாம்! பாட்டாளியின் பேரைச் சொல்லி வந்துவிட்டு, அவன் குடலை எரித்து ஓட்டு வாங்குவது என்ன அரசியல்?

வரும் தேர்தலிலும் ஓட்டுக்கு முதல் நாள் இரவு அந்தக் கதவைத் தட்டுங்கள். வெறுங்கையோடு தட்டுங்கள். "அண்ணே, காலையில ஏழு மணிக்கு வர்றேன். சேர்ந்து போவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். யாருக்குப் போடுவது என்று கேட்காதீர்கள். அது அவர் ஓட்டு.