திரை நிறமும் தாள் நிறமும்

அம்பூரி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழும் தமிழ் அன்பர்கள் பலர் இன்று அழைப்பிதழ், விழா மலர், நினைவஞ்சலி ஆகியவற்றை வீட்டுக் கணிப்பொறியிலேயே வடிவமைக்கிறார்கள். திரையில் பளிச்சென்றிருந்த மலைப்பச்சை தாளில் மங்கிவிட்டால் பழி அச்சகத்தார் மேல் விழுகிறது. இது முறையன்று என்பது என் கருத்து.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் ஆவது. திரையின் சில நிறங்களை மையால் எட்டவே இயலாது. எந்தத் திரை, எந்த மை, எந்தத் தாள் எவ்வாறு நிறம் காட்டும் என்பதைக் கணிப்பொறிக்குச் சொல்லும் கோப்பே 'கலர் புரொபைல்'. 1993-இல் அடோபி, ஆப்பிள், கோடாக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி இதற்கொரு பொதுமுறை வகுத்தன. அது நம் கணிப்பொறியிலும் இருக்கிறது. நாம்தான் திறந்து பார்ப்பதில்லை.

வடிவமைக்குமுன் அச்சகத்தின் புரொபைலைக் கேட்டு வாங்குவோம். திரையின் வெளிச்சத்தைக் குறைப்போம். மாதிரிப் படி பார்த்த பிறகே ஒப்புதல் தருவோம். திரையை அளந்து சீர்செய்யும் கருவி தனியொருவருக்குச் செலவுதான். சங்கம் ஒன்று வாங்கினால் எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். மறு அச்சுக்குப் போவது உறுப்பினர் சந்தா அல்லவா? மறைந்த பெரியவரின் முகம் நினைவு மலரில் பச்சை பூத்து வந்தால், அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வது?