அம்மா நிக்கிற லைனில நில்லுங்கோ

கோடை லீவு கிட்டுகிறது என்பதை லண்டனில் நான் வெய்யிலை வைத்து அறிவதில்லை, வருகிற ரெலிபோன்களை வைத்துத்தான் அறிகிறேன். "அண்ணை, பிள்ளையளோட ஊருக்குப் போறன். திரும்பி வரேக்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன். இமிக்கிரேசனில எந்த லைனில நிக்கிறது?" இரண்டு கிழமைக்குள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு என்னவோ அந்தத் திணைக்களத்தில் வேலை என்று சனம் நினைக்கிறது போல.

என்ர பதில் எப்போதும் ஒன்றுதான். அம்மா நிக்கிற லைனில எல்லாரும் நில்லுங்கோ.

இதைச் சொன்னால் சிலருக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. பதினைஞ்சு வருசம் வழக்காடி, பரீட்சை எழுதி, காசு கட்டி எடுத்த பிரிட்டிஸ் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு எதற்காக "மற்றவர்கள்" என்று எழுதின பக்கத்தில் போய் நிற்கவேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மின்கதவால் பத்து நிமிடத்தில் நீங்கள் வெளியில் வந்து என்ன செய்யப்போகிறீர்கள்? பெட்டிகள் சுத்துகிற இடத்தில் இரண்டு பிள்ளைகளோடு நின்று, அம்மா வாறாவா என்று எட்டியெட்டிப் பார்க்கப்போகிறீர்கள். திரும்பி உள்ளே போக விடமாட்டார்கள். அம்மாவிடம் அதிகாரி ஏதும் கேட்டால் பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லை. பிரிட்டிஸ் பாஸ்போட் உள்ளவர் மற்ற லைனில் நிற்கக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

எங்கட குடும்பங்களை நினைத்துப் பாருங்கோ. ஒரு கலியாண வீட்டுக்கு ஹீத்ரோவில் வந்திறங்குகிற ஆறு பேரிடம் நாலு விதமான புத்தகம் இருக்கும். பிள்ளைகளிடம் பிரிட்டிஸ் பாஸ்போட். கனடாச் சித்தியிடம் கனடாப் பாஸ்போட். அவவுக்கு 2019 மே மாதத்திலிருந்து மின்கதவு திறக்கும், ஆனால் 2025 ஜனவரி 8 தொடக்கம் வெளிக்கிடமுன்னமே இணையத்தில் பயண அனுமதி எடுத்திருக்கவேண்டும். அம்மாவிடம் இலங்கைப் பாஸ்போட்டும் விசாவும். பெரியப்பாவின் மகனிடம் அகதிகளுக்குரிய பயணப் புத்தகம், அட்டை மூலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்டது. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 28ஆம் பிரிவின்படி கொடுக்கிறது. உலகத்தில் எங்கேயும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. அதைக் கண்டால் மின்கதவும் திறக்காது, அதிகாரியும் ஒருக்கால் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார்.

இதற்குள் பிள்ளைகளின் வயசும் ஒரு கணக்கு. முந்தி 12 வயசுக்குக் கீழே மின்கதவு இல்லை. 2023 கோடையிலிருந்து பெரியவர் ஒருவரோடு வந்தால் 10 வயசுப் பிள்ளையும் போகலாம். மூத்தவளுக்கு 11, சின்னவனுக்கு 7 என்றால் அந்தக் குடும்பம் அங்கேயே இரண்டாகிறது. கம்பியூட்டருக்குப் புத்தகம் தெரியும், குடும்பம் தெரியாது.

முன்னர் வைத்திருந்த அளவுகோலைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும். பிரிட்டனின் எல்லைப் படைக்கு ஹீத்ரோவில் பல வருசமாக இருந்த இலக்கு இதுதான்: ஐரோப்பியப் பாஸ்போட் காரரில் நூற்றுக்கு 95 பேரை 25 நிமிடத்துக்குள் விடவேண்டும், மற்றவர்களில் நூற்றுக்கு 95 பேரை 45 நிமிடத்துக்குள். ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்துச் சீற்றில் இருந்து வந்த மகனுக்கு 25, தாய்க்கு 45. அந்த 45ஐயும் காப்பாற்றினார்களா? 2018 யூலை 6ஆம் திகதி ஹீத்ரோவில் ஐரோப்பியர் அல்லாதவர்கள் நின்ற நேரம் 2 மணித்தியாலம் 36 நிமிடம் வரை போனது. அந்த மாதத்து 31 நாளில் 30 நாள் இலக்குத் தவறியது. அப்போது பத்திரிகைகளில் வந்த விசயம் இது. பிறகு 2019இல் கனடா, அமெரிக்கா, ஜப்பான் உட்பட ஏழு நாட்டுக் காரருக்கு மின்கதவைத் திறந்துவிட்டார்கள். அதே நாளோடு விமானத்துக்குள் நிரப்புகிற அந்த அட்டையையும் நிற்பாட்டினார்கள். (அந்த அட்டை ஞாபகம் இருக்கா? ஒரு பேனையை வைத்துக்கொண்டு பத்துச் சீற்றுக்கு எழுதிக் கொடுத்த பெடியன் எல்லா விமானத்திலும் ஒருவன் இருப்பான்.) நல்ல மாற்றம்தான். ஆனால் லைன் குறைந்தது யாருக்கு என்று பாருங்கோ. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற அம்மம்மாவுக்கு இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை, அந்த நிமிடக் கணக்கு அதிகாரியின் மேசையோடு முடிந்துவிடுகிறது என்பதுதான். மேசைக்குப் பிறகு "கொஞ்சம் அங்கால இருங்கோ" என்று சொல்லி ஒரு துண்டைக் கொடுத்து இருத்துகிறார்களே, அந்த நேரம் லைனில் நின்ற நேரமாக எண்ணப்படுவதில்லை.

என்ர மாமி, மனிசியின் தாய், 2016இல் தனியாக வந்தவ. எந்த விமான நிலையம் என்பதை விடுவோம். ஆறு மாத விசா, மூன்று மாதத்தில் திரும்புகிற ரிக்கற். அதிகாரி கேட்டது "எப்ப திரும்பிப் போவீங்கள்?" மாமி சொன்னது "மகள் சொன்னால் போவன்." எங்களுக்கு இது எவ்வளவு மரியாதையான பதில்! பிள்ளை வீட்டுக்கு வந்த தாய், போகிற நாளைத் தானாகச் சொன்னால் பிள்ளைக்கு மனவருத்தம். ஆனால் அது இங்கிலீசில் விழுந்தபோது, "இவவுக்குத் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை" என்று ஆகிவிட்டது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கதிரையில் இருத்திவிட்டார்கள். அழைப்புக் கடிதத்தில் இருந்த இலக்கம் மச்சானுடையது. மச்சான் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை, வேலை நேரத்தில் போன் லொக்கருக்குள்.

வெளியில் நாங்கள் பதினொரு பேர் நிற்கிறோம். மாமியின் விமானம் இறங்கியது என்று பலகையில் போட்டிருக்கிறது. அந்த விமானத்துச் சனம் எல்லாம் வந்து முடிந்து, அடுத்த விமானத்துச் சனமும் வந்து முடிந்துவிட்டது. விசாரணை மேசையில் கேட்டால் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதையும் சொல்ல ஏலாது, அது தனிப்பட்ட விபரம் என்கிறார்கள். சின்னப் பிள்ளை ஒன்று பூச்செண்டின் இதழ் எல்லாவற்றையும் பிய்த்து நிலத்தில் போட்டுவிட்டது. பிறகு யாரோ ஒரு அதிகாரி தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கேட்டதும் விசயம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஐந்து நிமிட வேலைக்கு மூன்று மணித்தியாலம்.

வெளிநாட்டு மேசையைக் கண்டால் எங்கட வயசானவர்கள் ஏன் அப்படிப் பயப்படுகிறார்கள் என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்ப வெளிக்கிட்டபோது, ஹீத்ரோவில் எங்கட ஆக்கள் உடுப்பைக் கழற்றிப்போட்டு நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். அதே வருசம், சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு 1,000 பவுண்ஸ் தண்டம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து இமிக்கிரேசன் என்பது ஏறுகிற இடத்திலேயே தொடங்கிவிட்டது. நான் வந்தது அதற்குப் பிறகு. எனக்காக வெளியில் ஒருவரும் நிற்கவில்லை, உள்ளேதான் ஆக்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்கு நடுக்கத்தைக் கொடுத்திருக்கிறோம்.

அதனால் தனியாக வருகிறவருக்குச் செய்யவேண்டியதை முன்னமே செய்துவிடுங்கோ. கடிதம், திரும்புகிற ரிக்கற், விலாசம், மருந்துச்சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கவேண்டும், பெரிய பெட்டிக்குள் பனங்கட்டியோடு இல்லை. கடிதத்தில் இரண்டு இலக்கம் போடுங்கோ. அந்த இரண்டு பேரும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் போனைக் கையில் வைத்திருக்கவேண்டும். திரும்புகிற திகதியை அம்மா பாடமாக்கட்டும். இங்கிலீஸ் விளங்காவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கோ, அரைகுறையாக "யெஸ், யெஸ்" என்று தலையாட்ட வேண்டாம். சக்கர நாற்காலிக்கு விமானம் வெளிக்கிட 48 மணித்தியாலத்துக்கு முன்னமே கம்பனிக்குச் சொல்லிவிடுங்கோ. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அந்த உதவிக்குக் காசு கேட்கக்கூடாது என்பது சட்டம். "எனக்கென்ன, நான் நல்லா நடப்பன், சனம் என்ன நினைக்கும்" என்று எல்லா அம்மாமாரும் சொல்லுவார்கள். ஹீத்ரோவில் விமானத்திலிருந்து மேசை வரைக்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரியாது.

உங்கட தொகுதி எம்.பி.க்கு எழுதுகிறவர்கள் லைன் நீளம் என்று மட்டும் எழுதாதேங்கோ. மேசைக்குப் பிறகு இருத்திவைக்கிற நேரத்தையும் எண்ணி வெளியிடச் சொல்லிக் கேளுங்கோ. உள்ளே இருக்கிறவர் சம்மதித்தால், "இங்கேதான் இருக்கிறார், சுகமாக இருக்கிறார்" என்று வெளியில் நிற்கிறவருக்கு ஒரு வசனம் சொல்ல ஒழுங்கு செய்யச் சொல்லுங்கோ. இதற்குப் புதுக் கட்டிடம் தேவையில்லை.

பிரிட்டிஸ் பாஸ்போட் காரர் கனக்க எழும்பத் தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021இலிருந்து ஐரோப்பாவில் நாங்களும் "மற்றவர்கள்"தான். 2025 ஒக்ரோபர் 12இல் அங்கே படிப்படியாகத் தொடங்கிய புதுப் பதிவு முறையில் விரல் அடையாளமும் படமும் எடுக்கிறார்கள் (12 வயசுக்குக் கீழே படம் மட்டும்). பாரிசில் லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற எங்கட ஆக்கள் அதில் நிற்க, பிரெஞ்சு வதிவிட அட்டையும் அகதிப் புத்தகமும் வைத்திருக்கிற மச்சானுக்கு அந்தப் பதிவு இல்லை. பாரிஸ்காரர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வெளியில் வந்த பிறகு நடக்கிறதுக்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல ஏலாது. ஒருவரைக் கூப்பிட மூன்று கார், பதினைந்து பேர். நாலு பேர் போகவேண்டிய காருக்குள் ஆறு பேர், பிள்ளை ஒன்று மடியில். இங்கே 12 வயசு அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை பிள்ளைக்கு உரிய இருக்கை போடவேண்டும், மாமாவின் கார் என்றாலும்தான். ஹீத்ரோவில் ஆக்களை ஏற்றுகிற கார் ரெர்மினல் வாசலில் நிற்கவும் ஏலாது, கார் பார்க்குக்குப் போகவேண்டும். மாமியைப் போல மூன்று மணித்தியாலம் பிந்தினால் மூன்று காருக்கும் காசு ஏறிக்கொண்டிருக்கும். ஒரு ஆள் போதும். மற்றவர்கள் வீட்டில் சோறு சமைத்து வைக்கலாம்.

ஹரோவில் இருக்கிற எங்கட சனத்துக்கு ஹீத்ரோவிலிருந்து நேரே SL9 பஸ் ஓடுகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஈஸ்ற்ஹாம் பக்கம் இருக்கிறவர்களுக்கு 2022இல் திறந்த எலிசபெத் லைன் இருக்கிறது. வைற்சப்பலில் ஒரு மாற்றம், மனோர் பார்க்கில் இறக்கம். 11 வயசுக்குக் கீழே பிள்ளைகளுக்கு, காசு கட்டின பெரியவரோடு வந்தால் இலவசம். ஆனால் 16 மணித்தியாலம் பயணம் செய்து, கால் வீங்கி வருகிற அம்மாவுக்கு இது இல்லை. அவவுக்கு ரக்சி. பெட்டியும் பெடியளும் ரெயினில் வரட்டும்.

இந்தப் பக்கம் இவ்வளவு கவனமாக இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் செய்கிறதுதான் எனக்கு விளங்குவதில்லை. கட்டுநாயக்காவில் இரவு இறங்கி, நேரே வானில் ஏறி, விடிய யாழ்ப்பாணம். 400 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஏ-9 பாதை 2006இல் பூட்டி, பிறகு 2009 வரை ஆசைப்பட்டாலும் போக ஏலாமல் இருந்த சனம், அதனால்தான் இப்படி ஓடுகிறதோ என்று யோசிப்பதுண்டு. பத்து மணித்தியால விமானத்தில் நித்திரையில்லாத பிள்ளைகள் வவுனியா வரைக்கும் சத்தி. வான் ஓட்டுகிற பெடியன் அன்றைக்குக் காலமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, வேறு ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு நிற்பான். அவனிடம் கேட்டால் "நித்திரை கொண்டனான் அண்ணை" என்றுதான் சொல்லுவான், ஓட்டம் போனால் காசு போய்விடும். எயார்போட் போய்வந்த வான் விடியப்புறம் அடிபட்ட செய்தியை நாங்கள் எத்தனை தரம் வாசித்துவிட்டோம்.

நீர்கொழும்பு அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். வானைப் பேசும்போதே அந்தப் பெடியனுக்கும் சேர்த்து ஒரு இரவு அறைக்குப் பேசுங்கோ. காலமைச் சாப்பாடு முடிய வெளிக்கிட்டால் பொழுது படமுன்னம் வீடு. ஊரில் இருக்கிற அம்மா அரை நாள் பிந்தி உங்களைப் பார்ப்பா, அவ்வளவுதான்.