பட்டினி கிடக்கும் மண்

சம்பா அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் ஆங்காங்கே புகை எழுகின்றது. அறுவடைப் பொறி சிதறிவிட்டுப் போன வைக்கோலைத் திரட்ட ஆளுமில்லை, பொழுதுமில்லை, தீ வைத்துவிடுகின்றனர். ஒரு தொன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 400 கிலோ கரிமமும், 5 முதல் 8 கிலோ வரை தழையூட்டமும், 12 கிலோவுக்குக் குறையாத சாம்பலூட்டமும் உள்ளன. எரித்தால் கரிமமும் தழையூட்டமும் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். போக்கிய அதே தழையூட்டத்தை அடுத்த பருவத்திற்குக் கடன்பட்டு மூட்டையில் வாங்குகின்றான் உழவன். இதனினும் கேடான வாணிகம் பிறிதொன்று உண்டோ?

உழவனைக் குறை கூறிப் பயனில்லை. மண் ஒரு வெறுங்கலம். அதில் உப்பைக் கொட்டினால் பயிர் உறிஞ்சிக்கொள்ளும் என்றே இரண்டு தலைமுறையாக அவனுக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. மண் கலமன்று, தொழுவம். வளமான மண்ணில் ஒரு சிறுகரண்டி அள்ளினால் அதில் நூறு கோடி நுண்ணுயிர்கள் வரை இருக்கும். முதல் மழையில் எழும் மண்மணமே அவற்றுள் ஒரு குலம் ஈன்ற மணந்தான். சருகும் தாளும் வேருமே இவற்றின் தீனி. உண்ட கரிமத்தில் பாதியோ அதற்கு மேலோ கரிவளியாக மூச்சில் வெளியேறும், எஞ்சியது உடலாகும். அவ்வுடல்கள் மடிந்து களித்துகளோடு ஒட்டிக்கொள்வதே நெடுநாள் நிலைக்கும் மக்கின் பெரும்பகுதி என்பதை இற்றை ஆய்வுகள் காட்டியுள்ளன. நிலவுலகில் மேல் மூன்றடி மண்ணில் மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி தொன் கரிமம் இவ்வாறு அடங்கியுள்ளது. காற்று மண்டிலம் முழுவதிலும் அவ்வளவு இல்லை.

இத்தொழுவத்திற்கு ஒரு கணக்குண்டு. நுண்ணுயிரின் உடலில் ஏறத்தாழ எட்டுப் பங்கு கரிமத்திற்கு ஒரு பங்கு தழையூட்டம் வேண்டும். வைக்கோலிலோ அறுபது பங்குக்கும் மேலாகக் கரிமம் இருக்க, தழையூட்டம் ஒரு பங்கே. ஆகலின் வைக்கோலை மடக்கி உழுது உடனே நாற்று நட்டால், குறைந்த தழையூட்டத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே பறித்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். வைக்கோல் பயிரைக் கெடுக்கும் என்று உழவர் அஞ்சுவது இதனால்தான். கெடுப்பது வைக்கோலன்று, பொறுமையின்மை. சில கிழமை முன்னதாக, நீர் தேக்குவதற்கு முன்பே மடக்கி உழுதல் வேண்டும். தேங்கிய நீரின் கீழ்ப் பச்சை வைக்கோலைப் புதைத்தால் காற்றில்லாச் சேற்றில் வாழும் வேறொரு குலம் அதனை மீத்தேன் என்னும் சேற்றுவளியாக்கிவிடும். தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் சணப்பும் இவ்வகைத் தொல்லை தருவனவல்ல. பூக்கும் பருவத்தில் மடக்கினால் விரைவில் மக்கித் தம் தழையூட்டத்தை நெல்லுக்கு விட்டுக்கொடுக்கும்.

உழுத புழுதியை நாலிலொன்றாகக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டா என்றார் வள்ளுவர். இதனை உயர்வு நவிற்சி என்று நகைத்தவருண்டு. காய்ந்த மண்ணில் மீண்டும் ஈரம் பட்டவுடன் நுண்ணுயிர்கள் பொங்கியெழுந்து, கரிவளியையும் பயிருக்கு எட்டும் தழையூட்டத்தையும் ஒருங்கே வெளிவிடுகின்றன என்று கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்ந்த பிர்ச்சு என்பார் 1958-இல் எழுதினார். இன்று அவ்விளைவு அவர் பெயராலேயே வழங்குகின்றது. வள்ளுவர் நுண்ணுயிரைக் கண்டாரென்று கூறுவது வெற்றுப் பெருமை. அவர் கண்டது வயலை. ஆயினும் அவ்வயலறிவின் ஆழம் அடுத்த குறளில்தான் உள்ளது. காயவைத்துப் பெறுவது மண்ணின் கைம்முதலை எடுத்துண்பது. ஆண்டுதோறும் எடுத்தால் தீர்ந்துபோம். அங்கே உழுதலினும் எருவிடுதல் நன்றென்று உடனே கூறிவிட்டார்.

இன்றோ எரு போய் மூட்டை நிற்கின்றது. நெல்வயலில் கொட்டும் யூரியாவின் தழையூட்டத்தில் பயிர் பெறுவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவே. ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடும். இன்னொரு பகுதியை மேற்சேற்று நுண்ணுயிர்கள் வெடியுப்பு வடிவாக்க, கீழ்ச்சேற்று நுண்ணுயிர்கள் அதனை மீண்டும் வளியாக்கிவிடும். அதில் நகைப்பூட்டும் வளியும் சிறிது கலந்திருக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரிவளியினும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டுவது. யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வரவேண்டுமென 2015-இல் தில்லி ஆணையிட்டது. வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து வைத்து இடும் வழக்கம் தமிழுழவர்க்கு அதற்கு முன்பே உண்டு. அதே தில்லிதான் 2010-இல் மணியூட்ட, சாம்பலூட்ட உரங்களின் விலைக்கட்டைத் தளர்த்தி, யூரியாவை மட்டும் மலிவாகக் கட்டி வைத்தது. மலிந்ததை மிகுத்திடாமல் வேறென்ன செய்வான் ஏழை உழவன்? காவிரி மண்ணுக்கு என்ன தீனியென்பதைக் காவிரியைக் காணாதவர்கள் விலைப்பட்டியலால் முடிவு செய்யும் நிலை இது.

சம்பா நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு கிழமைக்கு முன் ஈரச்சேற்றில் உளுந்தும் பயறும் தெளிப்பது தஞ்சை வழக்கம். பனியையும் எஞ்சிய ஈரத்தையும் கொண்டே அவை விளையும். அவற்றின் வேர்முண்டில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள வெடிவளியைப் பிடித்துத் தழையூட்டமாக்குவதைச் செருமானிய அறிஞர் எல்ரீகலும் வில்பார்த்தும் 1888-இல் நூலாக வெளியிட்டனர். முண்டைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே குருதிச் செம்மை தெரியும். தெரிந்தால் வேலை நடக்கின்றதென்று பொருள். அறுவடைப் பொறியின் உருளைகள் இவ்விளம்பயிரை நசுக்குவதால் இவ்வழக்கமும் குன்றிவருகின்றது. இராமநாதபுரத்துக் கீதாரிகளின் ஆட்டுக்கிடையும் முன்போல் வயல்தோறும் அமர்வதில்லை.

2015-இல் வந்த மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் உள்ளன. பதினொன்று உப்பும் புளிப்பும் பற்றியவை. உயிரைப் பற்றிச் சிறிதேனும் பேசுவது ஒன்றே. அதனையும் வேளாண் நூலோர் ‘அங்ககக் கரிமம்’ என்றெழுதி, உழவன் கண்ணை மறைத்துவிட்டனர். மக்கு என்பது அவன் வீட்டுச் சொல். குப்பைமேட்டில் நாளும் வழங்கும் சொல். ‘மக்குக் கரிமம்’ குறைந்துவிட்டதென்று அட்டை சொல்லுமாயின், வைக்கோலுக்குத் தீ வைக்கும் முன் அவன் ஒருமுறை நின்று எண்ணுவான்.