அணிக்குள் இருந்த கோடு எங்கே போயிற்று?



கணினியில் அச்சிட்ட ஒரு பயிற்சித்தாளால் நல்ல மாணவி ஒருத்தி அண்மையில் மதிப்பெண் இழந்தாள். அந்தத் தாளை உருவாக்கியவன் நான்தான். எனவே, இக்கட்டுரையில் யாரைக் கண்டித்தாலும் முதற்கண் என்னையே கண்டிக்கிறேன் என்று கொள்க.

ஆறாம் படிவம் பயிலும் முன்னாள் மாணவர் சிலருக்கு ஞாயிறுதோறும் கணிதம் சொல்லித் தருகிறேன். மூன்று சமன்பாடுகளை அணியாக எழுதித் தீர்க்கும் பாடம். மென்பொருளின் திரையில் தோன்றியதை அப்படியே எடுத்துத் தாளில் ஒட்டினேன்:

1   1   1   6
2  −1   1   3
1   2  −1   2

“இவ்வணி குறிக்கும் சமன்பாடுகளைத் தீர்க்க” என்பது வினா. நான் எதிர்பார்த்த விடை 1, 2, 3. அம்மாணவியோ நான்கு மாறிகள் உள்ளன, ஒவ்வொரு சமன்பாடும் சுழியத்திற்குச் சமம் என்று கொண்டு, ‘எண்ணற்ற தீர்வுகள் உண்டு, அவை 1, 2, 3, −1 ஆகியவற்றின் மடங்குகள்’ என்று எழுதியிருந்தாள். சரிபார்த்தேன். அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை! நான் கேட்க நினைத்த வினா வேறு. தாள் கேட்ட வினா வேறு.

காணாமற்போனது ஒரே ஒரு கோடு. நான்காம் நிரலுக்கு முன்னே அக்கோடு நின்றிருந்தால், இடப்புறம் கெழுக்கள், வலப்புறம் விடைப்பகுதி என்பது கண்ட அளவிலேயே விளங்கியிருக்கும்.

“ஒரு கோட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று கேட்பீர்கள். தமிழாசிரியர் இக்கேள்வியைக் கேட்கலாமா? பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாக ‘தாமரை’யை நாம் நடத்துவதில்லையா? சேர்ந்து நின்றால் மலர். தா, மரை என்று பிரிந்து நின்றால் தாவுகின்ற மான். எழுத்து மாறவில்லை, பிரிப்பு மாறியது, பொருள் மாறியது. அணியிலும் இதே நிலைதான்.

இன்னொன்று காண்க:

2  1 | 7  9
5  3 | 8  4
------------
0  0 | 4  1
0  0 | 3  2

இதன் அணிக்கோவை மதிப்பு என்ன? கோடுகள் இல்லையேல் பதினாறு எண்களோடு மல்லாட வேண்டும். கோடுகள் இருப்பதால் கீழ் இடப்பகுதி முழுவதும் சுழியம் என்பது கண்ணில் படுகிறது. எனவே மூலைவிட்டத்திலுள்ள இரு சிறு அணிகளே போதும். முதலாவது 6 − 5 = 1; இரண்டாவது 8 − 3 = 5. பெருக்கினால் விடை 5. மேல் வலப்பகுதியின் 7, 9, 8, 4 ஆகியவற்றைத் தொடவே தேவையில்லை. கோடு ஒப்பனையன்று, அதுவே சிந்தனைக்கு வழி.

மென்பொருள்கள் என்ன செய்கின்றன? மேட்லேப், ஆக்டேவ் இரண்டிலும் ஓர் அணியோடு ஒரு நிரலை இணைத்தால், இணைத்த இடத்தின் சுவடே இன்றி ஒரே அணியாகிவிடும். ஆனால், அணி திரையைவிட அகலமாகிவிட்டாலோ, அவையே அதை நிரல் நிரலாகத் துண்டாடி, ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பும் இடுகின்றன. பொருள் இருக்கும் இடத்தில் பிரிவு இல்லை. சாளரத்தின் அகலம் தீர்ந்த இடத்தில் பிரிவு! இதைப் படியெடுத்துக் கொடுத்தால் மாணவன் எதைப் பகுத்த அணி என்று கொள்வான்?

எல்லா மென்பொருளும் இப்படியல்ல. சேஜ் என்னும் கட்டற்ற மென்பொருளில் சிறு அணிகளைச் சேர்த்துப் பேரணி ஆக்கினால் கோடுகள் தாமாகவே தோன்றும். ஒரு நிரலை இணைக்கும்போது கோடு வேண்டும் என்று சொன்னால் அதையும் இடும். லேட்டெக்கில் நிரல்களை அறிவிக்கும் இடத்தில் ஒரு நெடுங்கோட்டை இட்டால் போதும். மேத்தமேட்டிக்காவில் கட்டமாக அமைத்துக் கோடிடலாம். ஆனால் காட்சிக்கு வடிவமைத்ததையே பெயரிட்டுச் சேமித்தால், பின்னர் அதைக் கொண்டு கணக்கிட இயலாது. கணக்குக்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று எனப் பிரித்து வைத்தல் வேண்டும்.

“கணிப்பதே கணினியின் வேலை, காட்டுவது அதன் வேலையன்று” என்று சில நண்பர்கள் வாதிடுவர். இருக்கட்டும். கணினிக்குக் கோடு தேவையில்லை என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் நம் வகுப்பில் அமர்ந்திருப்பது கணினியா? “கடைசி நிரல்தான் விடை என்று மனனம் செய்யட்டும்” என்பர் வேறு சிலர். நேர்மாறு காணும்போது கோட்டுக்கு வலப்புறம் மூன்று நிரல்கள் நிற்குமே, அப்போது அந்த மனனம் எங்கே போய் ஒளியும்?

ஆசிரியர்களே, கோடிடத் தெரியாத மென்பொருளாயின் அச்சிட்டபின் அடிக்கோலை எடுத்துக் கையால் இடுங்கள். அரை நிமிட வேலை. பெற்றோர்களே, பிள்ளைக்கு விலை மிகுந்த மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஆக்டேவும் சேஜும் இலவயமாகவே கிடைக்கின்றன. பிள்ளையின் தாளில் கோடற்ற எண் வரிசை கண்டால், “இதை எங்கே பிரிக்க வேண்டும்?” என்று மட்டும் கேளுங்கள். விடை வராவிடில், தவறு பிள்ளையினுடையது அன்று.

அம்மாணவியிடம் வருத்தம் தெரிவித்து, முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டேன். கோட்டையும் நானே என் கையால் இட்டேன்.